அறுபத்தாறாம் ரோட்டு லாட்ஜ் கார்டுகளும் நான் கட்டின டியூஷன் ஃபீஸும்

மொத போஸ்ட்கார்டை நான் ஆசைப்பட்டு வாங்கல. குளிருக்கு ஒதுங்கின கடைல ஒண்ணும் வாங்காம நிக்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் வாங்கினேன். 2013 ஜனவரி, நாங்க அமெரிக்கால மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் வந்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு. எனக்கு எச்-4, அதாவது வேலைக்கு வந்தவரோட குடும்பத்துக்குக் கொடுக்கிற விசா, அப்ப அதுல வேலைக்குப் போகக்கூடாது, லைசென்ஸும் எடுக்கல, அவர் ஆபீஸ் போய்ட்டா நானும் ஹீட்டர் சத்தமும்தான். அன்னைக்கு சனிக்கிழமை, காரை டயர் மாத்த விட்டுட்டு ஒரு மணி நேரம் பொழுதை ஓட்டணும், பக்கத்துல ஒரு ஆன்டிக் மால் இருந்துச்சு. மால்னா நம்ம நினைக்கிற மால் இல்ல, ஒரே கொட்டகைக்குள்ள அம்பது அறுபது பேர் ஆளுக்கொரு தடுப்பை வாடகைக்கு எடுத்து பழைய சாமான் வச்சிருப்பாங்க, பில் மட்டும் வாசல்ல ஒரே இடத்துல. அங்க ஒரு தடுப்புல ஷூ டப்பா நிறைய போஸ்ட்கார்டு. நான் உருவினது ஒரு லாட்ஜ் படம். மேல நீல வானம், கீழ வர வர அது ஆரஞ்சாகி மஞ்சளாகி, நடுவுல வரிசையா சின்னச் சின்ன வீடு, வாசல்ல ரெண்டு காரு. விலை ஒரு டாலர். பின்னாடி திருப்பினா யு.எஸ். ஹைவே 66 மேலே, செயின்ட் லூயிஸ் எல்லைலேர்ந்து இத்தனை மைல்னு போட்டிருக்கு.

பில் போட்ட தாத்தா கார்டைப் பாத்துட்டு, நீ இப்ப நிக்கிறதே பழைய 66தாம்மான்னாரு. நான் நம்பல. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா உண்மைதான், 1926லேர்ந்து 1932 வரைக்கும் அந்தக் கடை இருந்த மான்செஸ்டர் ரோடுதான் 66ஆ இருந்திருக்கு, அப்புறம்தான் தெக்கால வாட்சன் ரோட்டுக்கு மாத்தியிருக்காங்க. நாங்க வாராவாரம் கோவிலுக்குப் போற ரோடு அது! அந்த ஒரு டாலர்ல ஆரம்பிச்சது இப்ப கிட்டத்தட்ட 900 கார்டு ஆயிருச்சு. இடையில எவ்ளோ ஏமாந்திருக்கேன், எவ்ளோ கத்துக்கிட்டேன்னு எழுதி வச்சா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் காசு மிச்சமாகும்.

ரோட்டைப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1926 நவம்பர்ல நம்பர் போட்டாங்க, சிகாகோவுல ஆரம்பிச்சு எட்டு மாநிலம் வழியா கலிஃபோர்னியா கடற்கரை சான்ட்டா மோனிகா வரைக்கும் சுமார் 2,448 மைல், அதுல கான்சஸ் பங்கு வெறும் 13 மைல்தான். 66ங்கற நம்பரைக் கேட்டு தந்தி அடிச்சதே எங்க மிசூரில இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்துதான். ஆளுங்க காரை எடுத்துட்டு கிளம்பினப்புறம் ராத்திரி எங்கயாவது தங்கணும்ல, அதுக்கு ரோட்டோரமா முளைச்சதுதான் இந்த லாட்ஜுங்க. 1956ல இன்டர்ஸ்டேட் சட்டம் வந்து பெரிய ரோடுங்க ஊரைத் தொடாமப் போக ஆரம்பிச்சுது, 1985ல 66ங்கற நம்பரையே எடுத்துட்டாங்க. லாட்ஜுங்க ஒவ்வொண்ணா மூடிப் போச்சு. கார்டு மட்டும் ஷூ டப்பால கெடக்கு.

இதுல மொதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, இந்தக் கார்டு எல்லாமே விளம்பரம். லாட்ஜ்காரர் காசு கொடுத்து அடிச்சு, ரூம் மேசை மேல ஓசியா வச்சு, தங்குறவங்க அவங்க சொந்தக்காரங்களுக்கு அனுப்பினா நம்ம லாட்ஜ் பேரு நாலு ஊருக்குப் போகும்னு போட்ட கணக்கு. அதனால படத்துல இருக்கிறதை அப்படியே நம்பக்கூடாது. 1930கள்லேர்ந்து 50கள் ஆரம்பம் வரைக்கும் வந்த கார்டுகளை லினன் கார்டும்பாங்க, துணி ஒண்ணும் கிடையாது, பேப்பர் மேல துணி நெசவு மாதிரி சொரசொரப்பா அச்சு ஏத்தியிருப்பாங்க, மை சீக்கிரம் காயும், கலரும் பளிச்னு நிக்கும். இதுல பெரிய கம்பெனி சிகாகோவுல இருந்த கர்ட் டெய்க். அவங்க ஆள் வந்து கருப்பு வெள்ளைல போட்டோ எடுப்பாரு, கூரை என்ன கலரு கதவு என்ன கலருன்னு எழுதி எடுத்துட்டுப் போவாரு, சிகாகோவுல உக்காந்திருக்கிற ஆர்ட்டிஸ்ட், அந்த ஊரை வாழ்க்கைல பாத்திருக்கவே மாட்டாரு, அவரு போட்டோ மேல வேலை பாப்பாரு. மொத வேலை கரண்ட் கம்பத்தையும் கம்பியையும் அழிக்கிறது. அப்புறம் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, உடைஞ்ச வேலி, சேறு எல்லாம் போயிரும். புல்லு வந்துரும். அந்த ஆரஞ்சு வானமும் அவர் கைங்கரியம்தான். நியான் போர்டுக்குக் கரண்டு எங்கேர்ந்து வருதுன்னு கேக்கக் கூடாது!

இதை நான் கத்துக்கிறதுக்குள்ள ஒரு லாட்ஜ் கூரை சிவப்புன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் பண்ணி, அங்கயே போய் நின்னு பாத்து, அது எந்தக் காலத்துலயும் சிவப்பா இருந்ததில்லன்னு தெரிஞ்சு, திரும்பி வர்ற ரெண்டு மணி நேரமும் அவர் சிரிச்சதை வேற கேட்டேன்.

தேடுறது எப்படின்னு சொல்றேன். டீலர்ங்க டப்பால கார்டை ரோட்டுப் பேரால அடுக்க மாட்டாங்க, மாநிலம், அதுக்குள்ள ஊர், அவ்ளோதான். அதனால 66 மேல இருக்கிற ஊர் பேருங்க மனப்பாடமா தெரியணும், எங்க மிசூரில க்யூபா, ரோலா, லெபனான், கார்த்தேஜ் இந்த மாதிரி. சிலர் ரோட்டோரம்னு தனியா ஒரு தடுப்பு வச்சிருப்பாங்க, அதுல இருக்கிறது எல்லாம் ரெண்டு மூணு மடங்கு விலை, அதே கார்டு ஊர் தடுப்புல தூங்கிட்டு இருக்கும். ஆன்லைன்ல தேடறப்ப மோட்டல்னு மட்டும் போட்டா பாதி தப்பிரும். மோட்டல்ங்கற வார்த்தை பரவறதுக்கு முன்னாடி கோர்ட், ஆட்டோ கோர்ட், டூரிஸ்ட் கேபின், காட்டேஜ், கேம்ப்னு ஆளுக்கொரு பேரு வச்சிருந்தாங்க. வெறுமனே 66னு போட்டா ஃபிலிப்ஸ் 66 பெட்ரோல் பங்க் படமா வந்து குமியும், அது தனி உலகம்.

ஸ்பிரிங்ஃபீல்டு கதையும் சொல்லிடறேன். 66 மேல ரெண்டு ஸ்பிரிங்ஃபீல்டு, ஒண்ணு இலினாய், இன்னொண்ணு மிசூரி. அது போக நாடு பூரா இன்னும் எத்தனையோ ஸ்பிரிங்ஃபீல்டு. ஒரு தடவ ஏலத்துல 17 டாலருக்கு எடுத்தேன், படத்துல அம்சமான கேபின்கள், தலைப்புல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு மட்டும் இருந்துச்சு, பின்பக்கப் படம் போடல, நானும் கேக்கல. வந்து பாத்தா ஒஹையோ, 40ஆம் நம்பர் ரோடு. அதுலேர்ந்து பின்பக்கம் பாக்காம ஒரு கார்டும் வாங்கறதில்ல. பின்பக்கப் படம் போடாத ஆளுகிட்ட கேளுங்க, போட மாட்டேன்னா விட்டுருங்க.

உண்மையில இந்தப் பொழப்புல விஷயமே பின்பக்கம்தான் இருக்கு. தேதி கண்டுபிடிக்கணும்னா எல்லாரும் போஸ்ட்மார்க்கைப் பாப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அது அந்தக் கார்டு எப்ப தபால்ல போச்சுன்னுதான் சொல்லும், எப்ப அடிச்சாங்கன்னு சொல்லாது. லாட்ஜ்காரர் மொத்தமா அடிச்சு டிராயர்ல வச்சு வருஷக்கணக்கா கொடுத்துட்டு இருப்பாரு. என்கிட்ட ஒண்ணு 1958 போஸ்ட்மார்க், ஆனா கர்ட் டெய்க் நம்பர் 7பி-எச்னு ஆரம்பிக்குது. அதுல மொத எழுத்து பத்து வருஷக் கணக்கு, ஏ-ன்னா 1930கள், பி-ன்னா 40கள், சி-ன்னா 50கள், முன்னாடி இருக்கிறது வருஷம். ஆக 7பி-ன்னா 1947. பதினோரு வருஷம் டிராயர்ல இருந்த கார்டு! அந்த நம்பர் பொடிசா எங்கயாவது ஓரத்துல இருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு தேடுங்க.

நம்பர் இல்லாத கம்பெனி கார்டுன்னா வேற வழி இருக்கு. ஸ்டாம்ப் ஒட்டற கட்டத்துல ஒரு சென்ட் ஒட்டுன்னு அச்சடிச்சிருந்தா 1951 முடியறதுக்கு முன்னாடி, 1952லேர்ந்து ரெண்டு சென்ட், 58 ஆகஸ்ட்லேர்ந்து மூணு, 63லேர்ந்து நாலு. முகவரில அஞ்சு இலக்க ஜிப் கோடு அச்சுல இருந்தா 1963 ஜூலைக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு கெடையாது. இன்னொண்ணு அவங்க பெருமை அடிச்சிக்கிற வசதிங்களைப் படிங்க, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு ரூம்லயும் ரேடியோன்னு போட்டிருந்தா ஒரு காலம், கார்த்தேஜ் ஊர் பூட்ஸ் கோர்ட் 1939ல கட்டினப்ப அதைத்தான் பெருசா சொன்னாங்க. அப்புறம் டைல்ஸ் பாத்ரூம், அப்புறம் ரெஃப்ரிஜிரேட்டட் ஏர். இந்தக் கடைசி வார்த்தை நம்ம ஏசிதான், ஆனா வெறும் காத்தாடி தண்ணியை ஊதற கூலர் வச்சிருந்த பக்கத்து லாட்ஜை விட நாங்க ஒசத்தின்னு குத்திக் காட்டறதுக்கு அப்படிப் போட்டாங்க. நியூ மெக்சிகோ டுக்கும்காரி ஊர்ல ப்ளூ ஸ்வாலோ மோட்டல் நியான் போர்டுல நூறு சதவீதம் ரெஃப்ரிஜிரேட்டட் ஏர்னு இன்னைக்கும் எரியுது.

சரி, நான் கட்டின பெரிய ஃபீஸுக்கு வர்றேன். கோரல் கோர்ட்னு வாட்சன் ரோட்டுல ஒரு லாட்ஜ் இருந்துச்சு, 1941ல கட்டினது, தேன் கலர்ல பளபளன்னு ஓடு பதிச்ச சுவரு, வளைஞ்ச மூலை, கண்ணாடிக் கல்லு ஜன்னல், ஒவ்வொரு ரூமோடயும் ஒட்டினாப்ல கார் ஷெட்டு, ஷெட்டுக்கு உள்ளேர்ந்தே ரூமுக்குக் கதவு. யார் வந்தாங்க யார் போனாங்கன்னு வெளில தெரியாது, அதுக்குன்னே ஊர்ல ஒரு மாதிரியான பேரு. 1995ல இடிச்சுட்டு வீடு கட்டிட்டாங்க, ஒரே ஒரு யூனிட்டை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போய் இங்க இருக்கிற டிரான்ஸ்போர்ட் மியூசியத்துல நிறுத்தி வச்சிருக்காங்க, நான் போய் அந்தச் சுவரைத் தொட்டே பாத்தேன், சில்லுன்னு நம்ம வீட்டு பாத்ரூம் டைல்ஸ் மாதிரிதான் இருந்துச்சு. இடிச்ச இடத்தோட கார்டுன்னா விலை ஏறிரும், ஊர்க்காரங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு தேடுவாங்க. ஒரு கண்காட்சில லினன் கார்டு ஒண்ணு, 40கள்னு பென்சில்ல எழுதி, 45 டாலர்னு கவருக்குள்ள இருந்துச்சு. பேரம் பேசி 38க்கு முடிச்சிட்டேன், வர்ற வழியெல்லாம் எனக்கு சந்தோஷம் தாங்கல.

வீட்டுக்கு வந்து கவரை எடுத்துட்டு கட்டைவிரலால தடவுறேன். வழுவழுன்னு போகுது. கண்ணுக்கு நெசவு தெரியுது, கைக்கு ஒண்ணுமே தட்டுப்படல. யாரோ நெஜக் கார்டை ஸ்கேன் பண்ணி அடிச்சிருக்காங்க, சொரசொரப்பும் சேர்ந்து படமா விழுந்திருக்கு. அஞ்சு டாலர் யூவி டார்ச் ஒண்ணு வாங்கி இருட்டுல அடிச்சுப் பாத்தேன், பின்பக்கம் நீலமா ஜிவ்வுனு மின்னுது, நம்ம வெள்ளைச் சட்டைக்குப் போடுற நீலம் மாதிரி. பேப்பரை வெளுப்பாக்குற அந்தக் கெமிக்கல் 1950களுக்கு அப்புறம்தான் பரவலா வந்துச்சு, 40கள் கார்டு அந்த வெளிச்சத்துல மங்கலா அழுக்கு மஞ்சளா கெடக்கும். வித்தவருக்குத் தெரிஞ்சு வித்தாரா தெரியாம வித்தாரான்னு நான் கேக்கப் போகல, கண்காட்சி முடிஞ்சு போச்சு. இப்ப கவர்ல இருக்கிற கார்டு எதுவா இருந்தாலும் வெளில எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டுட்டு ஓரத்தைப் புடிச்சு எடுத்துத் தடவிப் பாக்கறேன். எந்த நல்ல டீலரும் இதுக்கு மூஞ்சி சுளிச்சதில்ல.

அந்த நகல் கார்டை நான் தூக்கிப் போடல, ஃபிரிட்ஜ்ல மேக்னட் வச்சு ஒட்டியிருக்கேன். புத்தி வரணும்ல.

சேத்து வைக்கறதுல பட்டது இன்னொண்ணு. மொத ரெண்டு வருஷம் சாதா போட்டோ ஆல்பத்துல சொருகி வச்சேன், அந்த வாசனை இருக்கும்ல, புது மழைக்கோட்டு வாசனை, அது பிவிசி பிளாஸ்டிக். ஒரு ஜூலை முழுக்க ஆல்பம் பேஸ்மென்ட்ல கெடந்துச்சு. செயின்ட் லூயிஸ் ஜூலை எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், நம்ம ஊர் கடலோர வேக்காடு அப்படியே. எடுத்துப் பாத்தா பக்கமெல்லாம் பிசுபிசுப்பு, 60கள் பளபளா கார்டு நாலு பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிச்சு, இழுத்தேன், வானம் பிளாஸ்டிக்லயே தங்கிருச்சு. லினனுக்கு அவ்ளோ சேதம் இல்ல, ஆனா ஒருவிதமா எண்ணெய் வாசனை இன்னும் போகல. இப்ப பாலிப்ரோப்பிலீன் இல்லன்னா பாலியெஸ்டர் உறைதான், அமிலம் இல்லாத அட்டைப் பொட்டி, வீட்டுக்குள்ள அலமாரில, வெயில் படாத பக்கம். பேஸ்மென்ட்டும் வேணாம், பரணும் வேணாம். டேப் ஒட்டாதீங்க, பேனால எழுதாதீங்க, எழுதணும்னா உறை மேல எழுதுங்க. ஸ்டாம்ப் அழகா இருக்குன்னு தண்ணில ஊற வச்சு எடுக்காதீங்க, அதையும் நான் ஒரு தடவ பண்ணியிருக்கேன், அதைப் பத்தி இதுக்கு மேல பேச இஷ்டமில்ல.

எல்லா லாட்ஜையும் துரத்தாம ஒண்ணு ரெண்டைப் புடிச்சுக்கிட்டு அதோட எல்லா காலத்துக் கார்டையும் சேத்தா வர்ற சுகமே தனி. எனக்கு அப்படி ஒட்டிக்கிட்டது லெபனான் ஊர் மங்கர் மாஸ் மோட்டல். அந்தப் பேரே ஒரு கதை. டெவில்ஸ் எல்போன்னு ஆத்தோர ஊர்ல மங்கர் மாஸ்னு ஒரு சாண்ட்விச் கடை இருந்துச்சு, ரோட்டை வேற பக்கம் திருப்பி விட்டதும் கடைக்காரங்க பேரையும் கையோட தூக்கிட்டு லெபனானுக்கு வந்து 1946ல லாட்ஜ் ஆரம்பிச்சாங்க. என்கிட்ட இருக்கற மூணு கார்டை வரிசையா வச்சா, மொதல்ல தனித்தனியா சின்ன வீடுங்க, ரெண்டு வீட்டுக்கு நடுவுல கார் நிறுத்த ஷெட்டு. ரெண்டாவதுல ஷெட்டைக் காணோம், அந்த எடத்துல ஜன்னல் இருக்கு. மொதல்ல வேற லாட்ஜோன்னு நினைச்சேன். பெருசாக்கிக் காட்டற லூப் கண்ணாடி வச்சு பாத்தப்புறம்தான் கூரை ஓட்டம் புடிபட்டுச்சு, ஷெட்டுக்கு முன்னாடி சுவரு எழுப்பி ரூம் ஆக்கிட்டாங்க, தனி வீடா இருந்ததெல்லாம் ஒரே நீள வரிசையா ஆயிருச்சு. காரு வெளில நிக்கட்டும், ஆளு உள்ள படுக்கட்டும், அதுல வாடகை வருது. மூணாவதுல நீச்சல் குளம், பெரிய நியான் போர்டு. கணக்குப் புத்தகம் பாக்காமயே அந்தக் குடும்பத்துக்கு நல்லா ஓடுச்சுன்னு தெரியுது.

லினனைத் திட்டிட்டே இருக்கேனே, அதுக்கு எதிர்ப்பக்கம் ரியல் போட்டோ கார்டுன்னு ஒண்ணு இருக்கு. நெகட்டிவ்லேர்ந்து நேரா போட்டோ பேப்பர்ல கழுவின கருப்பு வெள்ளை, பின்னாடி அஸோ, இ.கே.சி., கோடக் இப்படி போட்டோ பேப்பரோட பேரு ஸ்டாம்ப் கட்டத்துல இருக்கும். லூப் வச்சா புள்ளிங்க தெரியாது, அச்சுக் கார்டுன்னா புள்ளி புள்ளியா தெரியும், கண்டுபிடிக்க இது ஒண்ணே போதும். இதுல கம்பத்தை யாரும் மெனக்கெட்டு அழிக்கல. க்யூபா ஊர் வேகன் வீல் லாட்ஜ் கார்டு ஒண்ணு இப்படி என்கிட்ட வந்துச்சு, 1930கள்ல ஓசார்க் மலைக்கல்லால கட்டினது, இன்னும் ஆள் தங்குறாங்க. கார்டை எடுத்துட்டு அங்கயே போனோம். ஜன்னலுக்குக் கீழ ஒரு கல்லு, பாதி கடிச்ச வடை மாதிரி ஒரு வடிவம், அதுக்கு இடப்பக்கம் நீளமா ஒரு கருத்த கல்லு. கார்டுல அதைப் பாத்து வச்சிருந்தேன். சுவரு சுவரா போய்ப் பாத்துட்டே வர்றேன், மூணாவது கட்டடத்துல அந்த வடை அப்படியே இருக்கு. நான் கத்தின கத்துல ஒருத்தர் ரூம் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாரு, நான் கார்டைக் காட்டினதும் அவரும் செருப்பில்லாம இறங்கி வந்து கல்லைத் தேட ஆரம்பிச்சிட்டாரு.

எழுதின கார்டா எழுதாத கார்டான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. சேகரிக்கறவங்க நிறைய பேருக்கு எழுதாதது, மடங்காதது, மூலை கூர்மையா இருக்கறதுதான் வேணும். எனக்கு எழுதினதுதான், அதுலயும் படத்துல ஒரு ஜன்னல் மேல பேனாவால பெருக்கல் குறி போட்டு, இதுதான் எங்க ரூம்னு எழுதியிருப்பாங்க பாருங்க, அது. கறை பட்டதுன்னு டீலர் அதை அம்பது சென்ட் டப்பால போட்டு வச்சிருப்பாரு. யாரோ ஒரு அம்மா 1949ல ஓக்லஹோமாலேர்ந்து அவங்க அக்காவுக்கு எழுதினது இருக்கு, வெயில் தாங்கல, பெரியவனுக்கு வழியெல்லாம் வாந்தி, இங்க மெத்தை நல்லாருக்குன்னு. ஒரு சென்ட் ஸ்டாம்ப்ல இதுக்கு மேல என்ன வேணும்.

இவ்ளோ நாள் இந்தக் கார்டுங்களைக் குடும்பம், லீவு, நீச்சல் குளம்னே பாத்துட்டு இருந்தேன். ஒரு மியூசியத்துல கிரீன் புக் பாத்தப்புறம் கொஞ்சம் ஆடிப் போச்சு. நியூயார்க்ல குடியிருந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936லேர்ந்து போட்ட கையேடு, கருப்பர்கள் ரோட்டுல போனா எங்க தங்க விடுவாங்க, எங்க சாப்பிட விடுவாங்கன்னு ஊர் ஊரா பட்டியல். என் டப்பால இருக்கிற லாட்ஜ் பேருங்களை எடுத்துட்டுப் போய் அந்தப் பட்டியலோட ஒப்பிட்டேன். மிசூரிப் பக்கத்துல ஒண்ணுகூட ஒத்துப் போகல. ஸ்பிரிங்ஃபீல்டுல ஆல்பர்ட்டாஸ் ஹோட்டல்னு அதுல இருக்கு, அதோட கார்டு இன்னைக்கு வரைக்கும் என் கைல சிக்கல. நிறம் பாத்து யாரையும் ஒதுக்கக்கூடாதுன்னு 1964ல சிவில் ரைட்ஸ் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனதும் அட்லான்ட்டால ஒரு மோட்டல்தான், எங்க ரூமை யாருக்குக் கொடுக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு வாதாடித் தோத்தாங்க. பின்பக்கம் மெத்தை பிராண்டு வரைக்கும் எழுதின கார்டுல இந்த விஷயம் ஒரு வார்த்தை இருக்காது. எந்த ஆர்ட்டிஸ்டும் இதை அழிக்க வேண்டியிருக்கல, படத்துக்குள்ளயே வரல.

அதுக்கப்புறம் நான் லாட்ஜுக்கே போய்க் கேக்க ஆரம்பிச்சேன், இதுவும் ஒரு டிப்ஸ்தான், பழைய லாட்ஜ் ஆபீஸ் டிராயர்ல மிச்சக் கார்டு இருக்கான்னு கேளுங்க, பத்துக்கு ஒருத்தராவது தேடிப் பாப்பாங்க. அப்படி ஒரு ஊர்ல, பேரு வேணாம், கண்ணாடிக் கதவைத் தள்ளினா ஊதுவத்தி வாசனை. கவுன்ட்டர்ல ஒரு குஜராத்தி அம்மா, அறுபது வயசு இருக்கும். இந்த நாட்டு மோட்டல்கள்ல பாதிக்கு மேல இந்தியக் குடும்பங்க கைலதான், அதுல பெரும்பாலும் குஜராத்திங்கன்னு தெரியும், ஆனா நேர்ல பாத்தப்ப எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு. என் ஹிந்தி சரியில்ல, அவங்க இங்கிலீஷ் என் ஹிந்தி மாதிரி. பென்னு, அதாவது குஜராத்தில அக்கான்னு கூப்பிட்டேன், அவ்ளோதான், இஞ்சி டீ வந்துருச்சு. எதுக்கும்மா இந்தக் குப்பைன்னு சிரிச்சுட்டே கீழ் டிராயரை முழுசா உருவி எடுத்து வந்து வச்சாங்க, ரப்பர் பேண்டு உருகி ஒட்டின ஒரு கட்டு, 60கள் பளபளா கார்டு, நாப்பது இருக்கும். பின்பக்கம் வழக்கம் போல உங்களை உபசரிப்பவர்கள்னு போட்டு ஒரு வெள்ளக்காரத் தம்பதி பேரு. அந்த அம்மா அதை விரலால தொட்டுக் காட்டி, இவங்க பதினாலு வருஷம் நடத்தினாங்க, நாங்க இருபத்தெட்டு, எங்க பேருல கார்டே அடிக்கலன்னாங்க. அவங்க வாங்கின புதுசுல எதிர்ல இருந்த லாட்ஜ்காரர் அமெரிக்கர் நடத்துவதுன்னு போர்டு மாட்டி வச்சாராம். அந்தக் காலத்துல பல ஊர்ல அப்படி நடந்திருக்குன்னு நான் படிச்சதுதான், ஆனா அந்த அம்மா ஜன்னல் வழியா கையைக் காட்டி, அதோ அங்கதான் இருந்துச்சுன்னு சொல்றப்ப அங்க வெறும் புல்லுதான் இருந்துச்சு, அந்த லாட்ஜை இடிச்சு ரொம்ப நாளாச்சு. காசு கொடுத்தேன், வாங்கல. போன்ல அவங்களை ஆபீஸ் வாசல்ல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து, போஸ்ட்கார்டா அடிச்சு, பின்னாடி உங்களை உபசரிப்பவர்கள்னு அவங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு நூறு அனுப்பி வச்சேன். அதுல பார்க்கிங் பக்கம் ஒரு கரண்ட் கம்பம் நிக்குது, அழிக்கல.

அந்தக் கட்டுல ஒரே மாதிரி நிறைய இருந்ததால கொஞ்சம் கொடுத்து மாத்தினேன், ஒரு டீலர் பதிலுக்கு ஆறு லினன் கொடுத்தாரு. அதுல ஒண்ணு மூலை மடங்கினது, ஆரஞ்சு வானம், பச்சைப் புல்லு, வெள்ளை வீடுங்க, ஏற்கனவே என்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்கு. என்ன தோணுச்சோ, பின்னாடி நாலு வரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, திருச்சிக்கு அம்மாவுக்குப் போட்டுட்டேன், சேகரிக்கறவங்க யாராவது பாத்திருந்தா அடிக்க வந்திருப்பாங்க. மூணு வாரம் கழிச்சு அம்மா போன்ல பேசறப்ப, கார்டு வந்துச்சுடி, அழகா இருக்கு, ஆனா இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு கரண்ட் கம்பம்கூட இல்லையே, ராத்திரி என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாங்க.